கட்டினேன், கட்டியிருக்கேன், கட்டியாச்சு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடப்படுகிறது.)



நான் மைக்கைப் பிடித்தால் என்ன பேசுவேன் என்று உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். சேமிப்பு, வசூல், பதிவேடு, தீர்மான நோட்டு. இன்றைக்கு அது எதுவும் இல்லை. இன்றைக்கு இங்கிலீஷ் கிராமர். அதிலும் ஒரே ஒரு பாடம், பிரசன்ட் பெர்பெக்ட் டென்ஸ்.

சிரிக்காதீங்க அக்கா. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க எழுந்து போகாதீங்க, டீ இனிமேல்தான் வரும்.

போன இரண்டு கூட்டங்களிலும் சில அம்மாக்கள் கேட்டார்கள், "பிள்ளைங்க வீட்டுப் பாடம்னு ஹேவ், ஹேஸ்னு எழுதிட்டு வருதுங்க, கேட்டா எங்களுக்கு ஒண்ணும் புரியலை, நீங்க படிச்சவங்கதானே, சொல்லிக் குடுங்க"ன்னு. அது ஒரு காரணம். ஆனால் நான் இந்தப் பாடத்தை எடுத்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் வருஷம், பொங்கல் முடிந்த அடுத்த வாரம். நம்ம குழு ஒன்றில் இருக்கிற ஒரு அக்கா கறவை மாட்டுக்கு லோன் கேட்டு மனு போட்டிருந்தார்கள். எந்தக் குழு, எந்த வங்கி என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் எனக்குப் போன். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறேன், ஒரே இரைச்சல். "கண்ணு, போன்ல இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் வந்திருக்கு, பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொல்றேன், என்னன்னு சொல்லு" என்றார்கள். பையன் ஆறாம் வகுப்பு. ஒவ்வொரு வார்த்தையாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். "யுவர்... லோன்... அப்ளிகேஷன்... ஹேஸ்... பீன்... ரிசீவ்ட்..." எனக்குக் காதில் விழுந்தது லோன், ரிசீவ்ட் என்கிற இரண்டு வார்த்தைதான். நான் உடனே, "ரிசீவ்டுன்னா வந்துடுச்சுக்கா, லோன் வந்துடுச்சு" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அந்த அக்கா மறுநாளே மாட்டுக்காரரிடம் 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். மீதியை ஒரு வாரத்தில் கொடுக்கிறதாகப் பேச்சு. வங்கிக்குப் போய்க் கேட்டால், "பணமா? மனுதாம்மா வந்திருக்கு, இன்னும் பார்க்கவே ஆரம்பிக்கலை" என்றார்கள். அந்த மெசேஜில் வந்து சேர்ந்ததாகச் சொன்னது பணத்தை இல்லை, அப்ளிகேஷனை. மாட்டுக்காரர் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார், பிறகு வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். முன்பணம் திரும்பி வரவில்லை.

நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். அந்த மெசேஜில் மூன்றே மூன்று வார்த்தையைச் சரியாகக் கேட்டிருந்தால் அந்தப் பணம் போயிருக்காது. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். இப்போதும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் என்று தேடாதீங்க.

சரி, பாடத்துக்கு வருவோம்.

பிரசன்ட் பெர்பெக்ட் என்ற பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கும். ஆனால் நீங்கள் ஒருநாளைக்கு நூறு தடவை பேசுகிற விஷயம்தான் இது. காலையில் எழுந்து வாசல் தெளிக்க வருகிறீர்கள். தரை ஈரமாக இருக்கிறது, முருங்கை இலையில் தண்ணீர் சொட்டுகிறது. என்ன சொல்வீர்கள்? "ராத்திரி மழை பெய்தது" என்றா சொல்வீர்கள்? "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்பீர்கள். மழை முடிந்துவிட்டது. ஆனால் அதன் ஈரம் இப்போது கண் முன்னால் இருக்கிறது. அந்த "இருக்கு" என்கிற ஒட்டு, முடிந்துபோன வேலையை இப்போது இருக்கிற நிலைமையோடு முடிச்சுப் போடுகிறது. இதே முடிச்சை இங்கிலீஷ்காரர்கள் ஹேவ், ஹேஸ் வைத்துப் போடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

நம் தமிழில் மூன்று விதமாகச் சொல்கிறோம். "தவணை கட்டினேன்." "தவணை கட்டியிருக்கேன்." "தவணை கட்டியாச்சு." முதலாவது வெறும் செய்தி. எப்போதோ நடந்தது, கதை முடிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படி இல்லை. வசூலுக்கு வந்தவர் வாசலில் நிற்கும்போது "கட்டியாச்சு சார்" என்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? இப்போது என்மேல் பாக்கி இல்லை, நீங்க போகலாம் என்று அர்த்தம். பழைய வேலையைச் சொல்லி இப்போதைய நிலைமையைக் காட்டுகிறோம். "சாப்பிட்டாச்சா?" என்று வீட்டுக்கு வந்தவரைக் கேட்கிறோம். எப்போது சாப்பிட்டார் என்பதா நமக்கு வேண்டும்? இப்போது பசியோடு இருக்கிறாரா, இலை போடணுமா என்பதுதான் வேண்டும். இங்கிலீஷில் அது "ஹேவ் யூ ஈட்டன்?"

ஆகவே அக்கா, உங்களுக்கு இந்த டென்ஸ் ஏற்கனவே தெரியும். இங்கிலீஷ் உடுப்புதான் புதுசு.

இப்போது உடுப்பைப் பார்ப்போம். ஹேவ் என்றால் "வைத்திருப்பது". "ஐ ஹேவ் எ கவ்", என்னிடம் ஒரு மாடு இருக்கிறது. "ஐ ஹேவ் பெய்ட்", கட்டி முடித்த நிலைமையை நான் கையில் வைத்திருக்கிறேன். நாம் "இரு" சேர்க்கிற இடத்தில் அவர்கள் "வைத்திரு" சேர்க்கிறார்கள். ஹேவ் என்பது நிகழ்கால வார்த்தை என்பதால் பிரசன்ட் என்று பெயர். பெர்பெக்ட் என்பதை நாம் குறையில்லாதது என்ற அர்த்தத்தில் பேசுகிறோம், "வேலை பெர்பெக்டா இருக்கு" என்று. இங்கே அது இல்லை. அந்த வார்த்தை லத்தீனிலிருந்து வந்தது, முடிந்துபோனது என்று பொருள். பெயர் வைத்தவர்கள் நம்மைப் பயமுறுத்த வைக்கவில்லை.

ஐ, யூ, வீ, தே என்று வந்தால் ஹேவ். ஹி, ஷி, இட் என்று வந்தாலும், ஒரே ஒரு ஆளையோ பொருளையோ சொன்னாலும் ஹேஸ். அதற்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம். பிள்ளைகள் மனப்பாடம் செய்வதைக் கேட்டிருப்பீர்கள், கோ வென்ட் கான், கிவ் கேவ் கிவன், டேக் டுக் டேக்கன், ரைட் ரோட் ரிட்டன் என்று. அந்தக் கடைசி வார்த்தைதான் ஹேவுக்குப் பின்னால் வரும். "ஐ ஹேவ் வென்ட்" என்று எழுதினால் மார்க் போய்விடும். இந்த மூன்று வடிவத்துக்குக் குறுக்கு வழி கிடையாது, வாய்ப்பாடு மாதிரி சொல்லிச் சொல்லித்தான் வரும். அடுப்படியில் வேலை செய்யும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்க. உங்களுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும், தப்பாகச் சொன்னால் ராகம் இடறும், காதுக்குத் தெரிந்துவிடும்.

இனி, நம் ஆட்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். நானும் விழுந்திருக்கிறேன். பெரிய பெரிய ஆபீஸ் கடிதங்களிலும் பார்த்திருக்கிறேன்.

தமிழில் "போன மாசம் அஞ்சாம் தேதி கட்டியிருக்கேன்" என்று தாராளமாகச் சொல்கிறோம். ஒரு தப்பும் இல்லை. அதை அப்படியே இங்கிலீஷில், "ஐ ஹேவ் பெய்ட் ஆன் ஃபிஃப்த்" என்று எழுதிவிடுகிறோம். இங்கிலீஷ் அதை ஏற்காது. ஏன் என்றால், தேதி சொன்ன உடனே அந்த வேலையை அந்த நாளில் ஆணி அடித்து மாட்டிவிட்டீர்கள். ஆணியில் மாட்டியது கையில் எப்படி இருக்கும்? தேதி, நேத்து, போன வாரம், 2015ல், காலையில் பத்து மணிக்கு என்று முடிந்துபோன ஒரு நேரம் வந்துவிட்டால் ஹேவை எடுத்துவிட வேண்டும். "ஐ பெய்ட் ஆன் ஃபிஃப்த்." "வீ மெட் யெஸ்டர்டே." அதே காரணத்தால்தான் "எப்போது" என்ற கேள்வியோடும் ஹேவ் சேராது. வங்கியில் ஒருவர் நம்மிடம் இங்கிலீஷில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹேவ் யூ பெய்ட்?"

"யெஸ், ஐ ஹேவ்."

"வென் டிட் யூ பே?"

"ஐ பெய்ட் ஆன் மன்டே."

பார்த்தீங்களா? முதல் கேள்வி பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி, அதனால் ஹேவ். இரண்டாவது கேள்வி நாளைப் பற்றி, அதனால் ஹேவ் காணாமல் போனது. இந்த நாலு வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இந்தத் தப்பால் கடிதத்தை யாரும் தூக்கி எறிந்துவிட மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வங்கியில் இருப்பவர்களுக்குப் புரியும். பரீட்சையில் எழுதுகிற பிள்ளைக்குத்தான் மார்க் போகும்.

"இந்த மாசம்" என்றால் என்ன செய்வது என்று முன்னாடி ஒரு அக்கா கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இந்த மாசம் இன்னும் முடியவில்லையே. முடியாத நேரத்துக்கு ஹேவ் போடலாம். "வீ ஹேவ் சேவ்ட் 2,000 ருபீஸ் திஸ் மந்த்." மாசம் முடிந்து அடுத்த மாசம் வந்துவிட்டால், "லாஸ்ட் மந்த் வீ சேவ்ட் 2,000 ருபீஸ்." பணம் அதேதான், குழு அதேதான், காலண்டரில் தாள் கிழிந்ததும் வாக்கியம் மாறிவிடுகிறது.

ஆல்ரெடி, ஜஸ்ட், யெட் என்று சில வார்த்தைகள் இந்த டென்ஸோடு அடிக்கடி வரும். ஏற்கனவே, இப்பத்தான், இன்னும். இதில் யெட் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. நாம் "கட்டலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இங்கிலீஷில் இரண்டு இருக்கிறது. "ஷி ஹேஸ் நாட் பெய்ட் யெட்" என்றால் இன்னும் கட்டவில்லை, கட்டுவதற்கு வாய்ப்பு இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. "ஷி டிட் நாட் பே" என்றால் அந்த நேரம் முடிந்தது, அவள் கட்டாமல் போனாள். உடம்பு சரியில்லாமல் தவணை பத்து நாள் தள்ளிப்போன உறுப்பினரைப் பற்றிக் கடிதம் எழுதும்போது இரண்டாவது வாக்கியத்தை எழுதினால், படிக்கிறவர் அவரை வாராக்கடன் லிஸ்டில் நினைத்துவிடுவார். பிரதிநிதிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதிக் கொடுக்கிறவர் அவசரத்தில் எழுதுவார், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான்.

அடுத்தது எனக்குப் பிடித்த இடம். "எங்க செயலாளர் தர்மபுரிக்குப் போயிருக்காங்க." இந்த வாக்கியத்துக்கு எத்தனை அர்த்தம்? நன்றாக யோசியுங்கள். ஒன்று, இப்போது இங்கே இல்லை, தர்மபுரியில் இருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். இன்னொன்று, "எங்க செயலாளர் தர்மபுரிக்கெல்லாம் போயிருக்காங்க, அவங்களுக்கு வழி தெரியும்". அதாவது போய்விட்டுத் திரும்பி வந்து இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. நாம் குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷில் பிரித்துவிட்டார்கள். "ஷி ஹேஸ் கான் டு தர்மபுரி" என்றால் அங்கே இருக்கிறார். "ஷி ஹேஸ் பீன் டு தர்மபுரி" என்றால் போய் வந்திருக்கிறார். நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், நேர்காணலில் "சென்னை பார்த்திருக்கிறாயா" என்ற மாதிரி ஒரு கேள்வி. நான் தைரியமாக "யெஸ் சார், ஐ ஹேவ் கான் டு சென்னை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ என் முன்னாடி நிக்கிறது யாரும்மா?" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு வந்தேன். சீட்டுக் கிடைத்துவிட்டது, அது வேறு விஷயம்.

இன்னொரு இடத்தில் தமிழும் இங்கிலீஷும் எதிர்த் திசையில் போகும். "நான் பத்து வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன்." நமக்கு இது வெறும் நிகழ்காலம். அதனால் "ஐ ஆம் இன் திஸ் குரூப் சின்ஸ் டென் இயர்ஸ்" என்று சொல்கிறோம். இதில் இரண்டு தப்பு. பழைய நாளில் ஆரம்பித்து இன்றைக்கும் தொடர்கிற விஷயத்துக்கு இங்கிலீஷில் ஹேவ் பீன் போட வேண்டும். அப்புறம் சின்ஸ் என்பது ஆரம்பித்த புள்ளிக்கு, ஃபார் என்பது நீளத்துக்கு. "ஐ ஹேவ் பீன் இன் திஸ் குரூப் ஃபார் டென் இயர்ஸ்." வருஷத்தைச் சொன்னால், "ஐ ஹேவ் பீன் இன் திஸ் குரூப் சின்ஸ் 2009."

நம் இயக்கத்தின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்கான அரசுத் திட்டம் 1989ல் தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1992ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கிற முன்னோடித் திட்டத்தை ஆரம்பித்தது. தொடங்கியது, ஆரம்பித்தது, இரண்டுக்கும் வருஷம் இருக்கிறது, ஆணி அடித்தாகிவிட்டது. ஆகவே "ஸ்டார்ட்டட் இன் 1989". ஆனால் குழுக்கள் அன்றோடு நிற்கவில்லையே. இந்தக் கூடத்தில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறோம். அதைச் சொல்ல வேண்டும் என்றால், "அவர் குரூப்ஸ் ஹேவ் பீன் ஹியர் சின்ஸ் 1989". இன்-னுக்கு ஸ்டார்ட்டட், சின்ஸுக்கு ஹேவ் பீன். உங்கள் பிள்ளைக்கு இந்த ஒரு உதாரணம் சொல்லிக்கொடுங்க, நம்ம ஊர்க் கதையாகவும் இருக்கும்.

சரி, இப்போது போனை எடுங்க. பட்டன் போனோ டச் போனோ, எதுவானாலும் பரவாயில்லை. அந்த அக்காவுக்கு வந்த மெசேஜுக்குத் திரும்பி வருகிறேன்.

வங்கியிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ வருகிற இங்கிலீஷ் மெசேஜ் முழுவதையும் நீங்கள் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் மூன்று சொல்லைக் கண்டுபிடித்தால் போதும். ஹேஸ் பீன் என்று இருந்தால் அந்த வேலை முடிந்தது, தமிழில் "ஆச்சு". இஸ் பீயிங் என்று இருந்தால் நடந்துகொண்டிருக்கிறது. வில் பி என்று இருந்தால் இனிமேல்தான் நடக்கும், அல்லது நடக்காமலும் போகலாம். அந்த அக்காவின் மெசேஜ் முழுசாக இப்படி இருந்தது: "யுவர் லோன் அப்ளிகேஷன் ஹேஸ் பீன் ரிசீவ்ட் அண்ட் இஸ் பீயிங் ப்ராசஸ்ட்." மனு வந்தாச்சு, பரிசீலனை நடந்துகொண்டிருக்கிறது. பையன் இரண்டாவது பாதியைப் படிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஹேஸ் பீன் மட்டும் பார்த்தாலும் போதாது. முடிந்தது எது என்று முன்னால் பார்க்க வேண்டும், என்ன ஆனது என்று பின்னால் பார்க்க வேண்டும். ஹேஸ் பீன் ரிசீவ்ட், வந்து சேர்ந்தது. ஹேஸ் பீன் சேங்ஷன்ட், கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. இதிலும் நாம் ஏமாந்துபோகிறோம். ஒப்புதல் வேறு, பணம் வருவது வேறு. சேங்ஷன் ஆன பிறகும் கையெழுத்து, ஆவணம் என்று வேலை இருக்கும். ஹேஸ் பீன் டிஸ்பர்ஸ்ட் என்றால் பணத்தை விடுவித்தாகிவிட்டது. ஹேஸ் பீன் கிரெடிட்டட் என்றால் கணக்கில் ஏறிவிட்டது. ஹேஸ் பீன் டெபிட்டட் என்றால் கணக்கிலிருந்து எடுத்தாகிவிட்டது, நீங்கள் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே வங்கிக்கு ஓட வேண்டும். ஹேஸ் பீன் ரிஜெக்டட் என்றால் மனுவைத் தள்ளிவிட்டார்கள், காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா என்றால், கிரெடிட்டட் என்ற வார்த்தை வந்து, பாஸ்புக்கிலும் பார்த்த பிறகுதான்.

இந்த டென்ஸை நம்மைவிட நன்றாகப் படித்தவர்கள் யார் தெரியுமா? ஏமாற்றுக்காரர்கள். "யுவர் அக்கவுண்ட் ஹேஸ் பீன் பிளாக்ட்." "யூ ஹேவ் வன் 25 லேக்ஸ்." கவனியுங்கள், இரண்டும் பிரசன்ட் பெர்பெக்ட். கணக்கை முடக்கியாச்சு, பரிசு விழுந்தாச்சு. நடந்தது நடந்துவிட்டது என்ற தொனியில் வந்தால் நமக்குப் பதறும் அல்லது ஆசை வரும், யோசிக்கத் தோன்றாது. அதற்குக் கீழேயே ஒரு லிங்க் இருக்கும், அல்லது ஒரு போன் நம்பர் இருக்கும். மெசேஜ் ஆச்சு என்று சொல்வதாலேயே ஆகிவிடாது. லிங்க்கைத் தொடாதீங்க, ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீங்க, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் கிளைக்குப் போங்க. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்து என்னிடம் சொல்லாதீங்க.

கடைசியாக ஒன்று, நேரம் ஆகிறது, டீயும் வந்துவிட்டது. ஆனால் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

இன்சூரன்ஸ் பாரம். நம் உறுப்பினர்களில் பலர் பாலிசி எடுக்கிறார்கள். பாரம் இங்கிலீஷில் இருக்கும். எழுதுகிறவர் மளமளவென்று எல்லாவற்றுக்கும் "நோ" என்று டிக் அடித்துக்கொண்டே வந்து, கையெழுத்துப் போடுங்க என்பார். அதில் கேள்விகள் எப்படி இருக்கும் தெரியுமா? "ஹேவ் யூ எவர் அண்டர்கான் எனி சர்ஜரி?" "ஹேவ் யூ எவர் பீன் ட்ரீட்டட் ஃபார் டயபடிஸ்?" இந்த எவர் என்பது சின்ன வார்த்தை, ஆனால் பிறந்த நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும் உள்ள முழு வாழ்க்கையையும் அளந்துவிடுகிறது. உங்களுக்கு 2014ல் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது, இப்போது நன்றாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இப்ப உடம்புக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பீர்கள், அது உண்மை. ஆனால் பாரம் கேட்பது இப்போதைப் பற்றி இல்லை. இதுவரை என்றைக்காவது ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா என்று கேட்கிறது. அதற்குப் பதில் "யெஸ்". சர்க்கரைக்கு இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டு இப்போது கட்டுக்குள் இருக்கிறது என்றாலும் பதில் "யெஸ்" தான்.

"யெஸ்னு போட்டா பாலிசி குடுக்க மாட்டாங்களே மேடம்" என்று ஒரு அம்மா சொல்கிறார்கள். சில சமயம் கொஞ்சம் அதிகம் பிரீமியம் கேட்பார்கள், சில சமயம் டாக்டர் பரிசோதனை கேட்பார்கள், மறுக்கவும் செய்யலாம். ஆனால் "நோ" என்று எழுதிப் பாலிசி வாங்கி, பிறகு க்ளெய்ம் கேட்கும்போது பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு வெளியே வந்தால், உண்மையை மறைத்தார் என்று சொல்லிப் பணத்தை மறுக்க அதுவே காரணமாகிவிடலாம். டிக் அடித்தது ஏஜென்ட், கையெழுத்து உங்களுடையது. அதனால் ஹேவ் யூ எவர் என்று ஆரம்பிக்கிற ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்க. அவர் "சும்மா பார்மாலிட்டிம்மா" என்றால், பேனாவை மூடிவைத்துவிட்டுப் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவாங்க. நம் கூட்டமைப்பு ஆபீஸில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் போனில் வந்த ஒரு இங்கிலீஷ் மெசேஜை அழிக்காமல் கொண்டுவாருங்கள். ஓ.டி.பி. இருக்கிற மெசேஜ் வேண்டாம், கணக்கு எண்ணையும் யாருக்கும் காட்ட வேண்டாம். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாங்க, ஞாயிற்றுக்கிழமைதான். ஹேஸ் பீனா, இஸ் பீயிங்கா, வில் பியா என்று நீங்களே சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன். அந்த மாட்டு அக்கா முதலில் ஆரம்பிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

டீ ஆறுது, எடுத்துக்குங்க.